சுருங்கின இதயக் குழாய்க்குக் குளிசையா, ஸ்டென்டா, பைபாஸா?

திருகோணமலையில் கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி தாண்டினால் மாமாவுக்கு நெஞ்சு இறுக்கும், நின்றால் விட்டுவிடும். அஞ்சியோகிராமில் (இதயக் குழாய்க்குள் சாயமருந்து விட்டு எடுக்கும் எக்ஸ்ரே) ஒரு குழாயில் 75 வீத அடைப்பு. மாமி உடனே ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு கம்பிவலை) போடவேண்டும் என்கிறா, பெரியண்ணா ஒரேயடியாகப் பைபாஸ் (அடைப்பைச் சுற்றி இரத்தம் போக வேறு குழாய் ஒட்டும் சத்திரசிகிச்சை) செய்தால் பிறகு கரைச்சல் இல்லை என்கிறார், மாமாவோ குளிசையே போதும் என்று நிற்கிறார்.

மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2007இல் வந்த கரேஜ் ஆய்வும், 5,000 பேருக்கு மேல் சேர்த்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும், நோ இப்படி நடந்தால் வந்து நின்றால் போகிறவர்களுக்கு, நல்ல மருந்தோடு ஸ்டென்டும் சேர்த்துப் போட்டாலும் மரணமோ மாரடைப்போ தெளிவாகக் குறையவில்லை என்றே காட்டின. ஏனென்றால் மாரடைப்பு பெரும்பாலும் கொழுப்புப் படிவு வெடித்து அதில் இரத்தம் உறைவதால் வருவது, வெடிப்பது மிக ஒடுங்கின இடமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஸ்டென்ட் ஓரிடத்தை விரிக்கும், ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குளிசை எல்லாக் குழாயிலும் உள்ள படிவை அடக்கும். ஆனால் நெஞ்சு நோவைக் குறைப்பதில் ஸ்டென்ட் முந்தும், அதை மறைக்கக் கூடாது.

ஸ்டென்ட் மணிக்கட்டு வழியாகவே போடலாம், ஓரிரு நாளில் வீடு. அப்புறம்தான் வேலை: இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு வகைக் குளிசை, வழக்கமாக ஆறு மாதம், மாரடைப்புக்குப் பிறகென்றால் ஒரு வருடம். நாள்கணக்கில் கடலுக்குப் போகிறவர் அதை வீட்டில் மறந்துவிட்டுப் போனால் ஸ்டென்டுக்குள்ளேயே உறையலாம். பல்லுப் பிடுங்க, வேறு சத்திரசிகிச்சை செய்ய இருந்தால் முதலே டொக்டரிடம் சொல்லுங்கள்.

பைபாஸுக்கு நெஞ்செலும்பைப் பிளக்கவேண்டும், அது பொருந்த இரண்டு மாதம் வரை போகும், வலை இழுக்க முடியாது. ஆனாலும் சீனி வருத்தத்தோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவருக்கு நான் பைபாஸ் பக்கம்தான். 2012இல் ஃப்ரீடம் ஆய்வில் அவர்களுக்கு மரணமும் மாரடைப்பும் ஸ்டென்டைவிடப் பைபாஸில் குறைவு, பக்கவாதம் மட்டும் சற்றுக் கூட. இதயத்தின் பெரும் பகுதிக்கு இரத்தம் கொடுக்கும் இடது பிரதான குழாயில் அடைப்பென்றாலும் குளிசையோடு விடக்கூடாது.

இருந்த இடத்திலேயே நோ வந்து, வியர்த்து, விடாமல் இருந்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். கொழும்பு 260 கிலோமீற்றர், அங்கே ஓடாமல் கிட்டின ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, தேவையென்றால் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடட்டும்.

மாமாவுக்குச் சீனி இல்லை, இதயம் நன்றாக அடிக்கிறது, பிரதான குழாயும் சுத்தம். மூன்று மாதம் குளிசை, நோ குறையாவிட்டால் ஸ்டென்ட் என்று முடிவானது. இப்போது காலையில் உப்புவெளிக் கரையில் நடக்கிறார், நாக்குக்கடியில் வைக்கும் குளிசை சட்டைப்பையில்.