கணினி ஆராய்ச்சி மாணவருக்கு எந்தப் பயிற்சி? கடலூர், புதுச்சேரிப் பக்கம் கிடைப்பவை: ஓர் ஒப்பீடு

முதலாண்டு ஆராய்ச்சி மாணவி ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் வீடு. தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரி வந்து, அங்கே வேறு பஸ் மாறிக் காலாப்பட்டிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கழிகிறது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் என்னும் ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தால் மாதம் 37,000 ரூபாய் வந்திருக்கும். அது இல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்கள் தரும் 8,000 ரூபாய்தான் அவருக்கு வருகிறது.

செல்போனில் நான்கு விஷயங்களைக் காட்டினார். துறையில் கொடுத்த கோர்ஸ்வொர்க் (ஆய்வு மாணவர் முதலில் முடிக்க வேண்டிய பாடங்கள்) பட்டியல், என்பிடெல் என்னும் இணையப் பாடத் திட்டத்தில் இந்தப் பருவத்துக்கான படிப்புகள், 2,500 ரூபாய் கட்டணத்தில் ஐந்து நாள் ஆன்லைன் பயிலரங்கு ஒன்றின் விளம்பரம், அப்புறம் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான அழைப்பு. "எல்லாத்துக்கும் போக முடியாது அக்கா. எதை விடட்டும்?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. அவரைப் போலப் பலர் இதே குழப்பத்தில் இருப்பதால் முழுதாக எழுதுகிறேன். நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: என் நிரலையோ என் எழுத்தையோ இன்னொருவர் கையில் எடுத்துப் பார்த்து, "இங்கே தப்பு" என்று காட்டுவாரா? பார்ட் டைமாகப் பிஎச்.டி. முடித்த ஏழு ஆண்டுகளில் எனக்கு உண்மையில் ஏதாவது கற்றுக்கொடுத்தவை அப்படித் திருத்திக் கொடுத்த இடங்கள்தான்.

கோர்ஸ்வொர்க்கை விட முடியாது, அது விதி. யுஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். அதற்குள் ஆராய்ச்சி முறையியலும், ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறம் என்ற பாடமும் கட்டாயம். இந்த அறப் பாடம் 2 கிரெடிட், 30 மணி நேரம். இதைச் சடங்காக நினைத்துத் தூங்கியவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள். போலி இதழை அடையாளம் காண்பது, யார் பெயரை ஆசிரியர் வரிசையில் போடலாம், சொந்தக் கட்டுரையிலிருந்தே எடுத்துப் போட்டால் அதுவும் ஏன் திருட்டு என்பதெல்லாம் மற்ற மூன்று வழிகளிலும் ஒழுங்காகச் சொல்லித் தரப்படுவதில்லை. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே நடவடிக்கை உண்டு என்று 2018ஆம் ஆண்டு யுஜிசி விதி சொல்கிறது. அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, மென்பொருளை ஏமாற்றச் சொற்களை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் எவ்வளவு கேடு என்பது அந்த 30 மணி நேரத்தை ஒழுங்காகக் கேட்டால் விளங்கும்.

ஆனால் முறையியல் பாடம் பல இடங்களில் எல்லாத் துறைக்கும் பொதுவாக நடக்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பதும் மாதிரி எடுப்பதும் சமூகவியல் மாணவருக்கு உயிர். கணினி மாணவருக்கு முதல் நாளே தேவைப்படுவது வேறு. தரவைப் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரிப்பதற்கு முன்பே முழுத் தரவையும் வைத்து அளவு சீராக்கினாலோ, குறைவாக உள்ள வகைக்குச் செயற்கை மாதிரிகளைப் பெருக்கினாலோ, சோதனைத் தரவின் வாடை பயிற்சிக்குள் கசிந்துவிடும். துல்லியம் 98, 99 என்று வரும். மாணவருக்கு மகிழ்ச்சி, ஆய்வை வழிநடத்தும் கைடுக்கும் மகிழ்ச்சி. கட்டுரையைப் பார்க்கும் ரிவ்யூவர் ஒருவர் ஒரே வரியில் அதை உடைத்துவிடுவார். நான் படித்த இடத்தில் கோர்ஸ்வொர்க் முடியும் வரை இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என்பிடெல் கைகொடுக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம். வீடியோக்களுக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்தில் நேரில் உட்கார்ந்து எழுத வேண்டும். மதிப்பெண்ணில் தேர்வுக்கு 75, வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25. நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், இயந்திரக் கற்றல் மூன்றிலும் அடிப்படை ஆட்டம் கண்டவர்களுக்கு இதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரியாது. எம்.இ.யில் புரியாமல் போன நிகழ்தகவு எனக்குப் பிடிபட்டது 12 வாரம் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து இதைப் பார்த்தபோதுதான். ஆய்வு ஆலோசனைக் குழு பரிந்துரைத்தால், யுஜிசி ஏற்ற ஆன்லைன் படிப்பைக் கோர்ஸ்வொர்க் கிரெடிட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று 2022 விதியிலேயே இருக்கிறது. இது பலருக்குத் தெரியவில்லை. கோர்ஸ்வொர்க் தொடங்குவதற்கு முன்பே கைடிடம் கேட்டுவிடுங்கள். ஒரே உழைப்பில் இரண்டு வேலை முடியும்.

குறை என்ன என்றால், பெரும்பாலும் கொள்குறி வினா. நிரல் கேள்வி இருந்தால் கணினியே திருத்துகிறது. விடை சரியா என்பதை அது பார்த்துவிடும். நிரல் எழுதிய விதம் நல்லதா, ஆறு மாதம் கழித்து நமக்கே புரியுமா என்பதை அது பார்க்காது.

கட்டணப் பயிலரங்கு பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம், நூறு பேருக்கு மேல் ஜூமில். ஸ்லைடு ஓடும். கடைசி நாள் கூகுள் படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். நான் மூன்று போனேன். மூன்றிலும் என் நிரலை யாரும் திறந்து பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, அத்தனை பேர். இதே நேரத்தை, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யின் அடல் பயிற்சிகளில் செலவிட்டால் பதிவுக் கட்டணமே இல்லை. கல்லூரிகளில் நடப்பவற்றுக்கு நேரில் போகலாம், வருகைப் பதிவும் கடைசித் தேர்வும் ஒழுங்காக நடக்கும். ஆசிரியர்களுக்கென்று வைத்தது என்றாலும் ஆராய்ச்சி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகவே பணம் கட்டித்தான் பயிலரங்கு என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள்.

சில இடங்களில் பயிலரங்கு ஒரு வாசல் மட்டும்தான். மூன்றாவது நாள் தனியாகப் போன் வரும். "ஸ்கோபஸ் பேப்பர் போட்டுத் தருகிறோம், நிரலும் நாங்களே எழுதித் தருகிறோம்" என்பார்கள். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம். எனக்கும் வந்தது. இரண்டாவது குழந்தை பிறந்து, ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கி, தூக்கமில்லாமல் இருந்த நேரம் அது. அந்தப் போனை வைத்துவிட்டு அழுதேன். அந்த நிலையில் ஒருவர் சரி என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். அதனாலேயே சொல்கிறேன்: அந்த வாசலை மிதிக்காதீர்கள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் உங்கள் நிரலைப் பற்றி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பெண்களுக்கு உச்ச வரம்புக்கு மேல் இரண்டு ஆண்டு கூடுதலும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் விதியில் இருக்கின்றன. காலத்தை அங்கே கேட்டு வாங்குங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவோம். புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்னும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. விழுப்புரத்தில் விஜிலக் என்னும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இரண்டுமே தன்னார்வலர்களால் நடப்பவை. இவை ஆராய்ச்சிக் குழுக்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் ஆய்வுத் தலைப்பைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. ஆனால் கருவிகளைக் கையாளும் திறன் அங்கே இருக்கிறது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் மனமும் இருக்கிறது.

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது, இன்றைக்கு உலகத்தில் நிரல் எழுதுகிற ஏறக்குறைய எல்லோரும் பயன்படுத்துவது. நான் படித்த கோர்ஸ்வொர்க்கில் அதன் பெயரே வரவில்லை. ஆன்லைனில் வீடியோவாகப் பார்த்தேன், மறுவாரம் மறந்துவிட்டது. பயிலரங்கில் ஒரு மணி நேர ஸ்லைடு. இப்படியான ஒரு கூட்டத்தில்தான், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் என் மடிக்கணினியையே திறக்கச் சொல்லி, 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல்_புதுசு' என்று கிடந்த கோப்புறைகளைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே களஞ்சியமாக்க உதவினார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பழக்கம் விடவில்லை.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கடலூர்க்காரர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பொங்கிக் கடலூர்த் தெருக்களுக்குள் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மடிக்கணினியும், நகல் வைத்திருந்த ஹார்டு டிஸ்கும் ஒரே மேஜை இழுப்பறையில் இருந்தன. மூன்றாண்டு நிரல் போய்விட்டது. முடிவுகள் அச்சான கட்டுரையில் இருக்கின்றன, அவற்றைத் திரும்ப வரவழைக்கும் வழி அவரிடம் இல்லை. தினம் மாலை ஒரே ஒரு கட்டளையில் இணையக் களஞ்சியத்துக்கு நிரலைத் தள்ளியிருந்தால் வேறொரு கணினியில் மறுநாளே வேலையைத் தொடர்ந்திருப்பார்.

இப்படிப்பட்ட கருவிகளை ஆய்வாளர்களுக்கு முறையாகச் சொல்லிக் கொடுக்க 1998இலேயே தொடங்கப்பட்டது சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி. இப்போது இரண்டு நாள் பயிற்சி: கட்டளை வரி, கிட், பைத்தான் அல்லது ஆர் என்னும் நிரல்மொழி. பயிற்றுநர் ஸ்லைடு காட்டாமல் எல்லோர் முன்னாலும் நிரலைத் தட்டச்சு செய்துகொண்டே போவார். மாணவர்கள் கூடவே தட்டச்சு செய்வார்கள். கையில் இரண்டு நிறத்தில் ஒட்டும் தாள். ஒன்று 'முடித்துவிட்டேன்', இன்னொன்று 'உதவி வேண்டும்'. வாய் திறந்து கேட்கக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு நல்ல ஏற்பாடு! பாடங்கள் முழுவதும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சனி, ஞாயிறில் நாமே நடத்தலாம். பிரிட்டனில் 2002இல் வந்த ராபர்ட்ஸ் அறிக்கை, ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரமாவது திறன் பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்து, அரசுப் பணமும் அதற்கு ஒதுக்கப்பட்டது. நமக்கு அப்படி ஓர் ஏற்பாடு வரும் வரை இந்த இரண்டு நாளையாவது நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

புள்ளியியலில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உதவாது, என்பிடெல்தான் முன்னால் நிற்கும். ஒரு முறை ஓட்டிய முடிவை வைத்து "எங்கள் முறை 0.4 சதவீதம் மேல்" என்று நானும் எழுதினேன். வேறு வேறு தொடக்க எண்ணோடு எத்தனை முறை ஓட்டினீர்கள், முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று ரிவ்யூவர் கேட்டார். திரும்ப ஓட்டப் போனால் நிரலில் பயன்படுத்திய மென்பொருள் நூலகத்தின் (லைப்ரரி) பதிப்பு மாறியிருந்தது, பழைய எண்ணே வரவில்லை. நான்கு மாதம் போயிற்று. பல தரவுத்தொகுப்புகளில் இரண்டு முறைகளை ஒப்பிட வில்காக்சன் சோதனை, இரண்டுக்கு மேல் என்றால் ஃப்ரீட்மன் சோதனை என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

எழுத்தும் வாசிப்பும் அந்த நான்கு வழியிலும் இல்லை. இதற்கு நான் கண்ட ஒரே வழி, ஆய்வகத்தில் நான்கைந்து பேர் வாரம் ஒரு நாள் கூடுவது. கேசவ் என்ற கணினி அறிஞர் 2007இல் எழுதிய மூன்று சுற்று வாசிப்பு முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். முதல் சுற்று ஐந்து முதல் பத்து நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. இரண்டாம் சுற்று ஒரு மணி நேரம் வரை, படங்களையும் வரைபடங்களையும் கூர்ந்து பார்த்து. மூன்றாவதில் அந்த ஆய்வை நாமே மனத்துக்குள் திரும்பச் செய்து பார்ப்பது; புதியவர்களுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். முதல் சுற்றைப் பஸ்ஸிலேயே முடிக்கலாம். கூட்டத்தில் ஒரு கட்டுரை, அப்புறம் ஒருவருடைய சொந்த எழுத்தில் இரண்டு பக்கம். எல்லோரும் பேனாவோடு படிக்க வேண்டும். காசு செலவில்லை, ஆனால் அதிலேயே எனக்கு அதிகம் வலித்தது, அதிகம் பயன்பட்டதும் அதுதான். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு, எந்த வாக்கியம் படிப்பவருக்குப் புரியவில்லை என்று எதிரே இருப்பவர் முகமே காட்டிவிடும்.

கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் இந்தியா ஆண்டுதோறும் நடத்தும் ஆர்க்ஸ் கருத்தரங்கையும், அன்வேஷன் சேது உதவித்தொகையையும் மூன்றாம் ஆண்டில் நினைவில் வையுங்கள். பின்னதில் ஆய்வு மாணவர் சில வாரம் வேறொரு நிறுவனத்துக்குப் போய் அனுபவமுள்ள ஆய்வாளரோடு வேலை செய்யலாம். கையில் முடிவு இல்லாமல் போனால் பயன் குறைவு, அதனால் முதலாண்டில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அந்த மாணவிக்குச் சொன்னது இவ்வளவுதான். கோர்ஸ்வொர்க் கட்டாயம், அறப் பாடத்தை ஒழுங்காகக் கேள். என்பிடெல்லில் ஒரே ஒரு படிப்பு, நிகழ்தகவு, அதையும் கிரெடிட்டில் சேர்க்கக் கைடிடம் கேள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மாதத்துக்கு ஒன்று போதும், உன் மடிக்கணினியோடு போ. பயிலரங்கை விடு. "அந்த 2,500?" என்றார். அவருடைய மடிக்கணினியின் பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. மாற்றச் சொன்னேன். பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம் இருக்கிறதே.