தையல் மிஷின் பக்கத்தில் 98.3

மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னைவிட அதிகம் உழைப்பது அலமாரி மேல் இருக்கும் ரேடியோதான். அதில் எப்போதும் 98.3, ரேடியோ மிர்ச்சி என்கிற தனியார் எஃப்எம். 2001-இல் இந்தூரில் தொடங்கி 2003-இல் சென்னைக்கு வந்தது. அப்போதெல்லாம் தனியார் எஃப்எம்கள் அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணம் வருடா வருடம் 15 சதவீதம் ஏறும். உரிமத்தை ஏலம் எடுத்த பலர் ஓடியே போனார்கள். 2005-இல் வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றிய பிறகுதான் ஊருக்கு ஊர் எஃப்எம் முளைத்தது.

சொந்தமாகச் செய்தி தயாரிக்கத் தனியார் எஃப்எம்முக்கு அனுமதி கிடையாது. சரி, எனக்குப் பாட்டு போதும். காஜா எடுக்கும்போது கை தாளத்தோடு ஓடுகிறது. அப்புறம், ரெடிமேட் சட்டை விளம்பரம் வந்தால் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். வாடிக்கையாளர் காதில் விழக்கூடாதே!