ஔகாரம் படுத்திய பாடு: தினச் சொற்புதிரும் வெண்பாக் குழுவும், இரண்டு ஆண்டுக்குப் பிறகு

"அந்த ஐந்தெழுத்துப் புதிரை இறக்கலாமா? நீங்க பாட்டெல்லாம் எழுதுறீங்களாமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டதற்கான பதில் இது. அவர் கேட்டது தமிழில் வரும் தினச் சொற்புதிர்ச் செயலியை; பாட்டு என்றது அதன் விடையை வைத்து எங்கள் வாட்ஸ்அப் குழு எழுதும் வெண்பாவை. புதிருக்குப் போன மாதம்தான் பெரிய அப்டேட் வந்தது. ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஆங்கில வேர்டிலின் அச்சு அசல்: ஐந்து கட்டம், ஆறு வாய்ப்பு, நாளைக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. அதனால் இதில் பச்சை (எழுத்தும் இடமும் சரி), மஞ்சள் (எழுத்து சரி, இடம் தப்பு) இரண்டோடு ஊதாவும் உண்டு. மெய் சரி, ஏறிய உயிர் தப்பு என்றால் ஊதா. 'தி' போட்டு விடையில் 'தா' இருந்தால் ஊதா விழும். இது இல்லாமல் ஆறு வாய்ப்பில் தமிழ்ச் சொல்லைப் பிடிப்பது நடக்காத காரியம். செய்தவர்கள் தமிழின் எழுத்தமைப்பை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று முதல் வாரம் நம்பியதும் இதனால்தான்.

அப்படி யோசித்தவர்கள் ஔகாரத்தில் ஏன் கோட்டை விட்டார்கள்?

'பௌர்ணமி' நான்கெழுத்துச் சொல்: பௌ, ர், ண, மி. இவர்கள் பட்டியலில் இருந்ததோ பெ, ள, ர், ண, மி. ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். எண்ணினால் ஐந்து வருகிறது, ஐந்தெழுத்துப் புதிரில் விடையாக வந்து உட்கார்ந்துவிட்டது. பிழையில்லாமல் தட்டியவருக்கு 'எழுத்து போதவில்லை' என்று செய்தி. இதற்கு நேர்மாறாக, 'சௌகரியம்' உண்மையிலேயே ஐந்தெழுத்து; அது இங்கே ஆறாகக் கணக்காகி, தட்டினால் 'பட்டியலில் இல்லாத சொல்' என்றது.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பல எழுத்துருக்களில் குறியும் ளகரமும் ஒரே வடிவம். ஆனால் ஒருங்குறியில் (யூனிகோடில்) பௌ என்பது இரண்டு குறியீடு, பெள என்பது மூன்று. சோதிக்க எளிய வழி: முதல் எழுத்தை முடித்தவுடன் பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டுங்கள். வெறும் 'ப' மிஞ்சினால் சரி, 'பெ' மிஞ்சினால் தப்பு. தமிழ்99 விசைப்பலகையில் ஔவுக்கென்றே தனி விசை இருக்கிறது, கீழ் வரிசையில் இடது ஓரம். ப தட்டி அதைத் தட்டினால் முடிந்தது. 1999இல் இதே சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. இத்தனை ஆண்டு கழித்தும் தமிழ்ச் செயலி செய்பவர்கள் ஔவை ளகரத்தால் ஒட்டுப்போடுவதைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்கிறது.

ஆட்டத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். இது வெண்பாவையும் கெடுத்தது. எப்படி என்று சொல்ல, குழு எப்படி ஆடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

புதிர் மாறுவது இரவு 12 மணிக்கு அல்ல, காலை 5.30க்கு. உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு நமக்கு 5.30. அதன்பின் முதலில் விடை கண்டவர் விடைச் சொல் மட்டும் இல்லாத ஒரு குறள் வெண்பாவை, அதாவது திருக்குறள் போன்ற இரண்டடிப் பாட்டை, குழுவில் போட வேண்டும். சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. தாம்பரத்தில் ரயில் ஏறுபவர் கிண்டிக்குள் புதிரை முடித்தால், எழும்பூருக்குள் பாட்டு வந்துவிடும். ஒரு நாள் வந்தது:

பொன்விலையில் \_\_\_\_\_\_ போனாலும் சாம்பாரில்
இன்றும் அதற்கே இடம்.

இந்தக் கோடுதான் இந்த இரண்டு ஆண்டில் கிடைத்த பெரிய மகிழ்ச்சி. புதிரின் கட்டம் எழுத்தைத்தான் சொல்லும். வெண்பாவின் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி, சொல்லின் ஓசையையே சொல்லிவிடும். சீரை அசையாகப் பிரிப்பார்கள்: குறிலோ நெடிலோ தனியே வந்தால் நேர் ('பொன்', 'போ'), குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரை ('மலர்', 'நிலா'). நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் காய். கோட்டுக்கு முன்னால் இருப்பது 'பொன்விலையில்', நேர் நிரை நேர், கூவிளங்காய். காய் முன் நேர் வர வேண்டும், ஆகவே விடை நேரசையில் தொடங்குகிறது. கோட்டுக்குப் பின்னால் 'போனாலும்', அதுவும் நேரில் தொடங்குகிறது. மா முன் நிரைதான் வர வேண்டும், ஆகவே விடை மாச்சீராக இருக்க முடியாது. விளம் அல்லது காய். இப்போது சாம்பாரில் போடும் ஐந்தெழுத்துக் காய்கறியை யோசியுங்கள். சுரைக்காய்? நிரையில் தொடங்குகிறது, போச்சு. முள்ளங்கி? நேர் நேர் நேர், தேமாங்காய், கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் முள்ளங்கி எந்தக் காலத்தில் பொன்விலைக்குப் போனது? வெங்காயம்தான். அதுவும் தேமாங்காய். பொன், போனாலும் என்று முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒத்துத் தொடங்கும் பொழிப்பு மோனை; பொன், இன் என்று இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகை. பதினைந்து நிமிடத்தில் எழுதிய பாட்டுக்கு இது போதாதா!

புதிதாக எழுதுபவர் தடுக்கி விழும் இடம் ஈற்றுச்சீர், அதாவது பாட்டின் கடைசிச் சீர். அது நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கு சொற்களில் ஒன்றின் ஓசையில்தான் முடியும். ஐந்தெழுத்து விடைகளில் பெரும்பாலானவை அங்கே அடங்கா. 'பாத்திரம்' கூவிளம், 'திருமணம்' கருவிளம். இவற்றைக் கடைசியில் திணிக்காமல் முதலடியின் இரண்டாம் சீரில் வைத்தால் முன்னும் பின்னும் துப்புக் கிடைக்கும், எழுதுபவருக்கும் கை கட்டப்படாது. சந்தேகம் வந்தால் 'அவலோகிதம்' என்ற யாப்பு மென்பொருளில் ஒட்டிப் பார்த்துவிடலாம். குழுவில் போட்டபின் பிழை தெரிந்தால் வாட்ஸ்அப்பில் திருத்த 15 நிமிடம் உண்டு. குழுவில் 'மறையும் செய்தி' வசதியை மட்டும் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டெல்லாம் போய்விடும்.

பௌர்ணமி விடையாக வந்த நாளில் இந்த ஏற்பாடு முழுக்க முறிந்தது. பாட்டு நேரசை என்கிறது, கட்டம் ஐந்தெழுத்து என்கிறது, இரண்டுக்கும் பொருந்தும் சொல் யாருக்கும் வரவில்லை. மறுநாள் விடையோடு வந்த குறள் இது:

கட்டத்தில் பௌர்ணமி காணாமல் போனதே
திட்டியும் வாரா நிலா.

செயலியிலிருந்து விடையை அப்படியே நகலெடுத்து இதில் ஒட்டினால் தளை தட்டும். பௌர்/ணமி நேர் நிரை, கூவிளம். 'கட்டத்தில்' என்ற காய்க்குப் பின் சரியாக வரும். பெளர்/ணமி நிரை நிரை, கருவிளம். காய் முன் நிரை வந்தால் கலித்தளை, அது வெண்பாவுக்கு ஆகாது, வெண்பா அங்கேயே செத்தது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் எழுதியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆகவே குழு விதி: விடையை நகலெடுக்கக் கூடாது, கையால் தட்ட வேண்டும்.

ஆட்டத்துக்கும் இரண்டு வார்த்தை. முதல் ஊகம் 'திருமணம்' நன்றாக வேலை செய்கிறது. ஈற்றில் ம் இருக்கிறதா என்று உடனே தெரியும். ம் பச்சையானால் அடுத்து 'வெங்காயம்', இல்லையேல் 'எலுமிச்சை'. ங் உறுதியானால் அடுத்தது ககரம். க், ச், த், ப் தமிழ்ச் சொற்களில் தம் எழுத்தோடு மட்டுமே சேரும் என்பதால், த் கிடைத்தால் அடுத்த கட்டமும் தகர வரிசைதான். 'சக்தி', 'பக்தி' போன்ற வடசொற்கள்தான் இதில் காலை வாரும்.

இனி அப்டேட். ஔகாரக் குறியைச் சரிசெய்துவிட்டார்கள், பாராட்ட வேண்டும். சௌகரியத்தை இப்போது ஏற்கிறது. ஆனால் மெய்மேல் ஏறிய ஔகாரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், தனித்து நிற்கும் ஔவைப் பார்க்கவில்லை. போன வாரம் விடை 'ஔடதம்' (மருந்து). ஔ, ட, த, ம் என்று நான்கெழுத்து. இவர்கள் ஒ, ள, ட, த, ம் என்று ஐந்தாக வைத்திருக்கிறார்கள். அதே நோய், இடம்தான் மாறியிருக்கிறது. போதாததற்கு, அந்த அப்டேட் பழைய ஆட்டக் கணக்கு முழுவதையும் துடைத்துவிட்டது.

ஊதாக் கட்டத்துக்காக ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஔடதத்தை எழுதி முடித்த இந்த நிமிடத்தில் ஒன்றரைக்கு மேல் மனம் வரவில்லை. நண்பருக்குப் பதில்: செயலியை இறக்க வேண்டாம், குழுவுக்கு வாருங்கள். கோடு போட்ட வெண்பா காலை ஏழுக்குள் வந்துவிடும், கட்டமே இல்லாமல் விடையைப் பிடிக்கலாம். இறக்கித்தான் தீருவேன் என்றால், சொல் ஔவில் தொடங்குகிறது என்று தோன்றும் நாளில் ஒ தட்டி, ள தட்டுங்கள். பாட்டில் மட்டும் ஔ என்றே எழுதுங்கள்.