ஆல்பின் வேகா: உத்திரத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

நண்பர் ஒருவர் ஒரு பழைய பாய்மரப் படகின் விளம்பரத்தை அனுப்பி, "வேகா ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது, வாங்கிச் சரிபண்ணிவிடலாமா?" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரே வரியில் முடிக்கிற கேள்வி இல்லை இது. பல பருவங்களாக இதே படகை வைத்து ஓட்டுகிறேன். இந்த வசந்தத்தில் பாய்மரத்தை இறக்கி, அதன் அடியில் உள்ள உத்திரத்தை மறுபடியும் பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

27 அடி நீளம், 2.3 டன் எடை, பெர் ப்ரோஹால் வரைந்த வடிவம், 1960களின் நடுவிலிருந்து 1979 வரை ஸ்வீடனில் 3,400-க்கு மேல் கட்டியது என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். அதை விட்டுவிடுவோம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படகின் உடல் அருமையானது. ஃபைபர் படகுத் தொழில் புதிதாக இருந்த காலத்தில் ரெசினையும் கண்ணாடியிழை விரிப்பையும் தாராளமாகப் போட்டுக் கையால் கட்டியது. படகின் அடியில் நீண்டிருக்கும் கீல் என்ற பகுதிக்குள்ளேயே இரும்பு எடையை வைத்து மூடிவிட்டதால், அந்த எடையைப் பிணைத்துத் துருப்பிடிக்கக் கீல் போல்ட் என்று எதுவும் கிடையாது. இதே வயதுள்ள பல படகுகளில் வாங்குபவரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் போல்ட்டுகள்தான். ஓட்டத்திலும் குறை சொல்ல முடியாது. பாயைச் சரியாகக் கட்டி, காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறும்போது சுக்கானைக் கயிற்றால் நிறுத்திவிட்டால் தன் வழியைத் தானே பிடித்துக்கொண்டு போகும். மாட் ரதர்ஃபோர்ட் 2011-12-இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்களை எங்கும் கரையேறாமல் தனியாளாக 309 நாளில் சுற்றி வந்தது இந்த வகைப் படகில்தான். அதுவும் பழைய படகு.

இவ்வளவு நல்ல உடலின் மேல் பாய்மரத்தை நிறுத்தியிருக்கும் விதம்தான் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை.

வேகாவில் பாய்மரம் கீல் வரை இறங்காது, மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் நேர் கீழே தூண் கிடையாது. கேபினிலிருந்து முன்பக்கம் போகும் நடைவழியை மறைக்கக் கூடாது என்பதற்காக, மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டி வளைத்த ஒரு உத்திரத்தைக் குறுக்கே கொடுத்து, அதைக் கேபினின் குறுக்குச் சுவரான பிளைவுட் தடுப்போடு பிணைத்திருக்கிறார்கள். இரு பக்கக் கம்பிகளும் முன், பின் கம்பிகளும் சேர்ந்து பாய்மரத்தைக் கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பு, நல்ல காற்றில் டன் கணக்கில் இருக்கும். அத்தனையும் அந்த உத்திரத்தின் நடுவில் இறங்குகிறது. ஒட்டுப் பட்டைகள் பிரிவது, பிணைப்பின் துளைகள் நீள்வட்டமாவது, தடுப்பின் அடிக்கால் ஈரத்தில் இற்றுப்போவது என மூன்றில் எது நடந்தாலும் மேல்தளம் அமுங்கத் தொடங்கும்.

"ஐந்து மில்லிமீட்டர் அமுங்கினால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று விற்பவர்கள் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். 1×19 என்ற, 19 இழைகளை முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பியில் 2 மீட்டருக்கு 1 மி.மீ. நீட்சி என்றால், அறுபடும் பலத்தில் 5 சதவீத இழுப்பு இருக்கிறது என்று பொருள். பாய்மரம் கட்டுபவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் அளவு இது. 15 சதவீதம் இழுத்துக் கட்டினால் மீட்டருக்கு 1.5 மி.மீ. நீளும். சுமார் 9 மீட்டர் உள்ள மேல் பக்கக் கம்பியில் மொத்த நீட்சியே 13.5 மி.மீ.தான். தளம் 5 மி.மீ. இறங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பாய்மரத்தின் பாதி உயரத்தில் பிடிக்கும் கீழ்க் கம்பி இதில் பாதி நீளம். அதன் நீட்சி 7 மி.மீ.கூட வராது. அங்கே முக்கால்வாசி இழுப்பு காலி! பாய்மரத்தின் இடுப்பைப் பிடிக்க வேண்டிய கம்பி தொளதொளவென்று தொங்கும், பாய்மரம் அலையில் முன்னும் பின்னும் துடிக்கும். உடனே கம்பியின் நுனியில் உள்ள இறுக்குதிருகான டர்ன்பக்கிளைத் திருகி இறுக்குவார்கள். இறுக்க இறுக்க உத்திரத்தின் மேல் பாரம் கூடி இன்னும் அமுங்கும், மறுபடி இறுக்குவார்கள். டர்ன்பக்கிளில் மரை தீர்ந்துபோயிருக்கும் வேகாவைப் பார்த்தால் அதன் கதை இதுதான்.

ஆகவே பார்க்கப் போகும்போது பாலிஷைப் பார்க்காதீர்கள். ஒரு மீட்டருக்குக் குறையாத மட்டப்பலகை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பாய்மரத்தின் அடிக்கு முன்னாலும் பின்னாலும் தளத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். தளம் இயல்பாகவே மேல்நோக்கி வளைந்தது. அந்த வளைவு நடுவில் தட்டையானாலே சந்தேகம்தான், பள்ளம் தெரிந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. பாய்மரத்தின் அடித்தட்டைச் சுற்றி, ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டில் நட்சத்திரம்போல் விரிசல் ஓடுகிறதா? உள்ளே வந்து தடுப்பில் இருக்கும் கதவை மூடிப் பாருங்கள். மேல் விளிம்பு உரசினாலோ, யாராவது அந்த விளிம்பை இழைத்து வைத்திருந்தாலோ, உத்திரம் இறங்கியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கடைசியாகத் தரைப்பலகையைத் தூக்கி, தடுப்பின் அடிக்காலைக் குத்தூசியால் அழுத்துங்கள். நல்ல மரம் ஊசியைத் திருப்பித் தள்ளும். இற்றுப்போனது ஊசியை உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே எடுத்தால் நுனியில் கறுத்த ஈரத்தூள் ஒட்டியிருக்கும்.

"உத்திரத்தைப் பலப்படுத்தியாகிவிட்டது" என்று விளம்பரத்தில் இருந்தால், எப்படி என்று கேட்டே ஆக வேண்டும். எனக்கு வந்த படகில் முன்பிருந்தவர் உலோகப் பட்டை வைத்திருந்தது உண்மை. ஆனால் அதை மரத்திருகால் முடுக்கியிருந்தார். பட்டையும் மரமும் ஒன்றாகப் பாரம் தாங்கினால்தான் பயன். மரத்திருகு சில பருவங்களில் தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். பட்டை ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஒரு நாள் வேலையை மிச்சம்பிடித்து அடுத்தவர் தலையில் கட்டும் இந்தக் காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முறையாகச் செய்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பாய்மரத்தை இறக்கிய பிறகு அடித்தட்டுக்கு நேர் கீழே, கீலின் மேல் தடித்த பலகை ஒன்றைப் போட்டு ஹைட்ராலிக் ஜாக்கியை நிறுத்துங்கள். அதற்கு மேல் கெட்டி மரக்கட்டை, கட்டைக்கும் கூரைக்கும் நடுவில் பாரத்தைப் பரப்ப இன்னொரு பலகை. தரைப்பலகையின் மேல் ஜாக்கியை வைத்தால் தரைதான் உடையும். ஒரு நாளைக்கு 2 மி.மீ.க்கு மேல் தூக்காதீர்கள். பல வருடம் அமுங்கியிருந்த ஃபைபரை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் வேறொரு இடத்தில் பிளக்கும். பழைய வளைவு வந்ததும் 2, 3 மி.மீ. கூடுதலாகத் தூக்கி வையுங்கள், பாரம் ஏறியதும் அது இறங்கிவிடும். உத்திரத்தின் பட்டைகள் பிரிந்திருந்தால் பசை ஊசி போட்டு ஒப்பேற்றாதீர்கள். ஆஷ் மரத்தையோ ஓக்கையோ மெல்லிய பட்டைகளாக அறுத்து எபாக்ஸிப் பசையில் புதிதாக வளைத்து ஒட்டுங்கள். ஓக் என்றால் அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்ட வேண்டும். மரம் நன்றாக இருந்தால் முன்னும் பின்னும் உலோகத் தகடு கொடுத்து, இரண்டையும் மரத்தோடு சேர்த்து ஊடுருவும் போல்ட் போடுங்கள். எம்8 போல்ட்டுக்கு 12 மி.மீ. துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் 8 மி.மீ. துளை எடுத்தால் போல்ட் மரத்தைத் தொடாது, ஈரமும் இறங்காது, துளையும் நீளாது. இற்றுப்போன அடிக்காலை வெட்டி எடுத்துவிட்டு, பாரம் கீலுக்குப் போகும்படி கெட்டி மரக்கால் வைத்து, சுற்றிலும் ஃபைபர் போட்டு மூடுங்கள். மேலே என்ன செய்தாலும் கால் இற்றிருந்தால் பாரம் போய்ச்சேர இடம் இருக்காது.

உத்திரத்துக்கு அடுத்து எஞ்சின். மூல எஞ்சின் ஆல்பின் ஓ-21, பெட்ரோல். பிற்காலப் படகுகளில் வால்வோ பென்டா டீசல். இந்தப் படகில் எனக்கு உண்மையிலேயே பிடித்த பாகம் ஓ-21 எஞ்சினோடு வரும் காம்பி இணைப்பு. ரிவர்ஸ் கியருக்குப் பதிலாக, ஒரே கைப்பிடியில் ப்ரொப்பெல்லரின் இதழ்களையே திருப்பும் ஏற்பாடு. முன்னே, பின்னே, நடுவில் நிறுத்தம் எல்லாம் அதிலேயே. பாயில் போகும்போது இதழ்களை நீரோட்டத்துக்கு நேராக்கிவிட்டால் இழுவை குறைந்து வேகம் கூடுவது கையில் தெரியும். பாயில் ஓடும் படகுக்கு இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது.

ஆனால் ஓ-21 செத்துவிட்டால் இந்த அழகே செலவாக மாறும். புது டீசல் எஞ்சின் தன் சொந்தக் கியரோடு வரும். அதோடு காம்பி சேராது. அப்போது ஷாஃப்ட், ப்ரொப்பெல்லர், ஷாஃப்ட் வெளியேறும் குழாயான ஸ்டெர்ன் டியூப், சீல், எஞ்சின் படுக்கை எல்லாம் மாற வேண்டும். புது எஞ்சின் மட்டுமே படகின் விலையைத் தாண்டும். "எஞ்சினுக்குச் சின்ன வேலைதான்" என்று விளம்பரத்தில் இருந்தால், ஓடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால் பிளாக்கே உறைந்து வெடித்திருக்கும். ஓடுகிறது என்றாலும் பெட்ரோல் குழாய்களைப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கசிந்தால் அடியில் தேங்கி நிற்கும்.

வெளியே, நீர்மட்டத்துக்குக் கீழே பூச்சு எத்தனை அடுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பாசித்தடுப்புப் பூச்சு சிறு படகுகளுக்கு ஸ்வீடனில் 1989-இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய படகில் அடி அடுக்கில் அது இன்னமும் இருக்கலாம். எக்ஸ்-ரே ஃப்ளூரசன்ஸ் கருவியால் அளந்தால் ஃபைபரைத் தொடாமலே தெரிந்துவிடும். இருந்தால் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது. தூசியை உறிஞ்சும் கருவி, முழு முகக்கவசம், கீழே விரிப்பு, ஆபத்தான கழிவாகத் தனியே ஒப்படைப்பது என்று ஒரு வசந்தமே அதில் போகும்.

கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். புளித்த வினிகர் வாடையோடு நீர் வந்தால் ஆஸ்மோசிஸ், அதாவது ஃபைபருக்குள் நீர் ஊறிய கோளாறு. உப்பு குறையக் குறைய ஃபைபருக்குள் நீர் ஏறுவது அதிகம் என்பதால், பால்டிக்கிலும் நன்னீர் ஏரிகளிலும் கிடந்த படகை இதற்காகக் கூர்ந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கரையேற்றிக் காயவைத்த தடித்த உடல் என்பதால், அங்கங்கே நாலைந்து கொப்புளத்துக்காக நல்ல வேகாவைத் தள்ளிவிட வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூரையின் உள்பக்கத் துணிக்குப் பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் பொடிந்து மஞ்சள் தூளாகக் கொட்டும், சுரண்டி எடுப்பது அருவருப்பான வேலை, ஆனால் செலவில்லை. சன்னல் ஒழுகினால் மேலே சிலிக்கான் பூசாமல் கழற்றி, பழையதைச் சுரண்டி, பியூட்டைல் பசை நாடா வைத்து மாட்டுங்கள். அந்த ஒழுகல்தான் வழிந்துபோய்த் தடுப்பின் காலை இற்றுப்போக வைப்பது. அடியில் உள்ள பித்தளை வால்வுகளைச் சுரண்டிப் பார்த்து, மஞ்சளாக இல்லாமல் செம்பு நிறமாகத் தெரிந்தால் துத்தநாகம் வெளியேறிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு பாராட்டிய பிறகு என் பதில்: இந்த விளம்பரத்தில் இருக்கும் படகை வாங்காதீர்கள். புகைப்படத்திலேயே கீழ்க் கம்பிகள் தொய்ந்து தொங்குகின்றன, எஞ்சினைப் பற்றிப் பேச்சே இல்லை, பாய்கள் மூலப் பாய்கள் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். எஞ்சின், பாய்கள், கம்பிகள் என்று ஒவ்வொன்றாகப் புதிதாக்கினால், எல்லாம் செய்து முடித்த இன்னொரு வேகாவின் விலையைப் பாதி வழியிலேயே தாண்டிவிடுவீர்கள். யாரோ ஒருவர் தன் பணத்தையும் பருவங்களையும் போட்டுச் சரிசெய்த படகு, போட்டதில் ஒரு பகுதிக்குத்தான் விலைபோகிறது. அதை வாங்குங்கள். பழைய ஃபைபர் படகை ஒழித்துக்கட்டுவதும் சும்மா நடப்பதில்லை, "இலவசம்" என்று வருவதில் பெரும்பாலானவை அந்தப் பொறுப்பைக் கைமாற்றுகிற வேலைதான்.

அதே படகுதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், பாய்மரத்தை இறக்கி உத்திரத்தின் உறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். சம்மதித்தால் மட்டப்பலகையோடு நானும் வருகிறேன்.