வேலைக்குத் திரும்பும்போது கைக்குழந்தை யாரிடம்? வன்னித் தாய்மாருக்கு ஓர் ஒப்பீடு

காசைக் கணக்குப் பார்க்கமுன் மணித்தியாலத்தைப் பாருங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனூடாகக் கிளிநொச்சிக்கு பஸ்ஸில் போய்வருபவருக்கு எட்டு மணித்தியால வேலை என்பது, பிள்ளையை விட்டுப் பத்து, பதினொரு மணித்தியாலம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு மணித்தியாலத்துக்கு 30 முதல் 45 மில்லிலீற்றர் பால் தேவை. பத்து மணித்தியாலத்துக்கு 300 முதல் 450. இது கெடாமல் பிள்ளையின் வயிற்றுக்குப் போய்ச்சேர எது தோது என்பதை வைத்தே மற்றதெல்லாம் முடிவாக வேண்டும்.

அம்மம்மா அல்லது அப்பம்மா. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இதுவே முதல் தெரிவு. வீட்டில் பிரிட்ஜ் இருந்தால் எடுத்துவைத்த பால் நான்கு நாள் நிற்கும். வெளியே வைத்தால் 25 பாகையில் நான்கு மணித்தியாலம்தான். சித்திரை, வைகாசி வெயிலில் அதையும் நம்பக்கூடாது. பாலைக் கொதிக்கவைக்காமல், கோப்பையோடு சுடுதண்ணீருக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, சிறு கோப்பையால் பருக்க வேண்டும். பிள்ளை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். பிழை நடப்பது பெரும்பாலும் அன்பினால்தான்: பிள்ளை அழுதால் சீனித்தண்ணி, வசம்பு, தேன். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், தேன் ஒரு வயது வரை கூடாது. மகள் சொல்லிக் கேளாத அம்மம்மாவும் மருத்துவிச்சி சொன்னால் கேட்பார்; மருத்துவிச்சி வீட்டுக்கு வரும் நாளில் அம்மம்மாவையும் வைத்துக்கொண்டு இதைப் பேசிவிடுங்கள். பிள்ளை தவழத் தொடங்கினால் முழங்கால் நோவுள்ளவரால் பின்னால் ஓட முடியாது. அவருடைய கிளினிக் நாளுக்கும் வேறொருவர் வேண்டும்.

சம்பளத்துக்கு ஆள். செலவு கூட. பகலில் வீட்டில் வேறெவரும் இல்லையென்றால் கைக்குழந்தையைத் தனியே ஒப்படைப்பதை நாங்கள் ஆதரிக்கமாட்டோம். வைப்பதானால் லீவு முடிய இரண்டு கிழமை முன்பே வரச்செய்து, நீங்கள் வீட்டில் நின்று பழக்குங்கள். சமையலும் உடுப்புத் தோய்ப்பும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை ஏணையிலேயே கிடக்கும். கட்டில்லாத கிணறு இருந்தால் முதலில் அதை மூடுங்கள்.

பக்கத்து வீடு. மலிவு, பழகிய முகம். ஆனால் அங்கே ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், அடுப்பு எந்த உயரத்தில், பாலை வைக்கப் பிரிட்ஜ் உண்டா என்று பார்க்க வேண்டும்.

பகல் பராமரிப்பு நிலையம். நகரங்களை ஒட்டியே கூடுதலாகக் கிடைக்கும். வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கணக்கே மாறிவிடும். ஆடைத் தொழிற்சாலை போன்ற தனியார் வேலையில், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. வேலையிடத்தில் குழந்தைக் காப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் நடந்துபோய்ப் பாலூட்ட முடிந்தால், ஊரில் நிற்கும் சம்பள ஆளைவிட இது எவ்வளவோ மேல். சேர்க்கமுன் சொல்லாமல் ஒருமுறை, முற்பகல் பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள்: மூன்று கைக்குழந்தைக்கு ஒருவராவது நிற்கிறாரா, பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைக்கிறார்களா, பால் கோப்பைகளில் பெயர் எழுதியிருக்கிறதா, கூட்டிச்செல்ல வருபவரை யாரென்று கேட்கிறார்களா. முதல் சில மாதம் தடிமனும் வயிற்றோட்டமும் அடிக்கடி வரும். காய்ச்சலென்றால் பிள்ளையைத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே இங்கே சேர்த்தாலும் வீட்டில் ஒரு மாற்று ஆள் வேண்டும்.

அரச ஊழியருக்குப் பிரசவ லீவில் இன்னொரு வழியும் உண்டு: முழுச்சம்பளத்துடன் 84 வேலைநாள், பிறகு அரைச்சம்பளத்தில் 84 நாள், அதன் பின் சம்பளமில்லாமல் 84 நாள். வீட்டில் நம்பிக்கையான ஆள் இல்லாத ஆசிரியைக்கும் தாதிக்கும் எங்கள் ஆலோசனை, அரைச்சம்பள லீவையாவது எடுத்து ஆறு மாதத்தைத் தாண்டுங்கள். ஆள் வைக்கும் காசையும் பால்மாக் காசையும் கழித்தால் இழப்பு நினைத்த அளவு பெரிதாக இராது.

எதைத் தெரிவுசெய்தாலும், இரண்டு கிழமை முன்பிருந்தே பால் எடுத்துப் பழகுங்கள். முடிந்தால் வேலையை வியாழக்கிழமை தொடங்குங்கள். இரண்டு நாளில் எது சரிவரவில்லையோ அதைச் சனி, ஞாயிறில் திருத்திக்கொள்ளலாம்.