கும்பகோணத்தில் வாங்கிய சலங்கை

பரதநாட்டியம் கற்கும் மகள் முதன்முறையாகச் சலங்கை கட்டும் சலங்கை பூஜைக்காகக் கும்பகோணத்துப் பாத்திரக் கடை ஒன்றில், தோல் பட்டையில் ஐந்து வரிசையாகப் பித்தளை மணிகள் தைத்த சலங்கை வாங்கினோம். கடைக்காரர் அவசரப்படுத்தாமல், காலில் கட்டி, பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடிப்படை அடவான தட்டடவை ஆடிப் பார்க்கச் சொன்னது பிடித்திருந்தது. கணுக்காலை இறுக்காமலும், தட்டும்போது நழுவாமலும் இருக்கிறதா என்பதை வேறு எப்படி அறிவது? மணிகள் கணீரென்று ஒன்றுபோல் ஒலித்தன. தையல்தான் குறை: இரண்டே மாதத்தில் நூல் தளர்ந்து, இடக்காலில் மூன்று மணிகள் கழன்றுவிட்டதால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மெழுகு நூலால் மீண்டும் தைத்துக்கொண்டோம். ஐப்பசி மழையில் தோல் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஆடி முடித்ததும் வியர்வையைத் துடைத்து, நிழலில் உலர்த்திப் பருத்திப் பையில் வைக்கிறோம். குத்துவிளக்கைப் போல இதையும் புளி போட்டுத் துலக்க மாமியார் முனைந்தார். தோல் நனைந்தால் விறைத்துவிடும் என்று தடுத்துவிட்டேன்.