பழைய மாருதிக்கு ஒரு மஞ்சள் மீட்டர்

கிருஷ்ணகிரியில் மின்பொருள் கடையொன்றில் 250 ரூபாய்க்கு வாங்கிய 830 வகை டிஜிட்டல் மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி), இரண்டு ஆண்டுகளாக என் 2004ஆம் ஆண்டு மாருதி 800 காருக்காக மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். அந்தக் காரில் இரண்டு கோளாறுகள் இருந்தன. இரவில் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஹெட்லைட் மங்கியது. நான்கு நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இரண்டு கோளாறுகளும் அப்படியே இருந்தன.

இந்த மீட்டரை வாங்குபவர்கள் பெரும்பாலும், ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று சொல்லும் அதன் ‘பீப்’ ஒலியையே நம்புகிறார்கள். நானும் நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். ஒயரில் பத்து இழைகள் அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது பீப் என்றே ஒலிக்கும், ஏனெனில் சோதனைக்காக அது செலுத்தும் மின்சாரம் மிகச் சொற்பம். ஹெட்லைட் பல்போ ஏறக்குறைய 5 ஆம்பியர் கேட்கிறது. ஆகவே விளக்கை எரியவிட்டு, ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட் இழப்பாகிறது என்று பார்ப்பதே சரியான வழி. பேட்டரியில் 12.3 வோல்ட் இருக்க, பல்பில் 10.4 மட்டுமே வந்தது. கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பல்பின் எர்த்திலும் (மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) வைத்து, 2000 மில்லிவோல்ட் அளவில் பார்த்தபோது 1600 என்று காட்டியது. பாடியில் எர்த் ஒயரைத் திருகியிருந்த இடம் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் புதிய வளைய டெர்மினல் போட்ட பிறகு அது 80 ஆகக் குறைந்தது. பல்புக்கு வரும் வோல்ட் 15 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துவிடும். கணவாயில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டியதற்கு என் வயது காரணமில்லை என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

பேட்டரி இறங்கும் கோளாறில் மீட்டரின் குறையும் வெளிப்பட்டது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி இடையில் இணைத்தால், கசியும் மின்சாரம் 0.31 ஆம்பியர் என்று காட்டியது, பழைய காருக்கு 0.05க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கியும் எண் அசையவில்லை. முன்பு யாரோ மாட்டிய ஆம்ப்ளிஃபையரின் ஒயர் பியூஸ் பெட்டியைத் தொடாமல் நேராகப் பேட்டரியிலிருந்தே போயிருந்தது. அதைக் கழற்றியதும் 0.02 ஆனது. நாளொன்றுக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் குடித்தால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் படுத்துவிடுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே பியூஸ் கிடையாது. முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. சிவப்பு ஒயரைப் பழைய இடத்துக்கு மாற்ற மறந்து, வோல்ட் பார்க்கும் நினைப்பில் பேட்டரி முனைகளைத் தொட்டேன். தீப்பொறி பறந்தது, ஒயரின் உறை உருகியது, விரல் சுட்டது. மீட்டர் அந்தத் துளை வழியாக இடையில் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பி செல்ஃப் அடிப்பதும் அதே அபாயம்தான், ஏனெனில் செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும்.

மற்றபடி, திரையில் விளக்கு இல்லாததால் இரவில் டார்ச் வேண்டும். உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் எண்கள் உயர்த்திக் காட்டும். ஒருமுறை ஓடும் எஞ்சினில் 15.6 வோல்ட் கண்டு, டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டதென்று பயந்தேன். உடன் வரும் ஒயர்கள் குட்டையானவை. முதலை வாய் கிளிப் கொண்ட நீள ஒயர் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். விலைக்கு இந்த மீட்டர் மோசமில்லை, வோல்ட் அளக்க மட்டும் என்றால் போதும்; ஆம்பியரும் அளக்க விரும்புபவர் சற்றுக் கூடுதல் பணம் கொடுத்து, 10 ஆம்பியர் துளைக்கும் பியூஸ் உள்ள மீட்டராகப் பார்த்து வாங்குவது நல்லது.